ஆறாத பந்து

குருவிமலை எஸ்டேட்டில் மழை பெய்யாத நாள் என்று ஒன்று வந்தால் அது நாங்கள் துணி துவைக்காத நாளாகத்தான் இருக்கும். மழையும், மழை விட்டால் பனியும், பனி விட்டால் மறுபடி மழையுமாக வருஷத்தில் எட்டு மாதம் ஊறிக் கிடக்கும் இந்த மலையில், அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் குளிக்கப் போவதற்குள் ஆறிப்போகும் இந்த இடத்தில், நாங்கள் குடியிருக்கும் நாற்பது லைன் வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு பொருள் மட்டும் ஆறாமல் இருந்தது. அது எங்கள் பள்ளிக்கூடத்து ஸ்குவாஷ் பந்து.

எங்களுக்கு ஸ்குவாஷ் வந்ததற்குக் காரணம் எங்கள் மைதானம். மைதானம் என்று பெயர்தானே தவிர அது ஒரு சரிவு. எந்தப் பந்தை உருட்டினாலும் தேயிலைக்குள் இறங்கி, ஓடையில் விழுந்து, கேரளாவுக்குப் போய்விடும். ஒவ்வொரு பள்ளியும் ஒரு விளையாட்டையாவது எடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, பந்து தப்பித்துப் போக முடியாத விளையாட்டு எது என்று யோசித்த தலைமையாசிரியருக்கு, துரைகள் காலத்துக் கிளப்புக்குப் பின்னால் உர மூட்டை அடுக்கிக் கிடந்த, ஜன்னலே இல்லாத உயரமான கட்டடம் ஞாபகத்துக்கு வந்தது. மூட்டைகளை எடுத்துப் பார்த்தால் உள்ளே நாலு சுவர், மரத்தரை, முன்சுவரில் சிவப்புக் கோடுகள், பின்னால் உயரத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு மாடம். உர வாசம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

சொல்லிக் கொடுக்க வந்தவர் எப்சிபா டீச்சர். சாத்தான்குளத்துக்காரர், இருபத்தேழு வயது, எறிபந்தில் மாவட்ட அளவில் ஆடியவர், ஸ்குவாஷை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, ஆறு மட்டையும் ஆறு பந்தும் கையில் திணித்து, பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். எலுமிச்சம்பழ அளவில் கறுப்புப் பந்து, அதில் இரண்டு மஞ்சள் பொட்டு. இரண்டு பொட்டு எதற்கு என்று பிள்ளைகள் கேட்டதற்கு, "ரெண்டு பேரு ஆடுறதுல்லா, அதுக்குத்தான்" என்றார் டீச்சர், கொஞ்சமும் தயங்காமல். பழகித் தேர்ந்தவர்களுக்கான பந்து அது, அதுவும் வெயில் ஊருக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் குளிரில் அடித்தால் சுவரில் பொத்தென்று பட்டுத் தரையில் விழுந்து அப்படியே படுத்துக்கொண்டது.

"டீச்சர், இது செத்துப்போச்சு" என்றாள் ஒருத்தி.

அடித்து அடித்துச் சூடேற்றினால்தான் அது எழும் என்று டீச்சர் கீழே இறங்கிப் போய்ப் போனில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஆனால் பந்து சூடாவதற்குள் பிள்ளைகள் ஓய்ந்துபோனார்கள். சத்துணவு சமைக்கும் தெரசம்மாதான் வழி கண்டுபிடித்தாள்; சோற்றுப் பானை மூடியின் மேல் ஆறு பந்தையும் அடுக்கி ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "சோத்துல ரப்பர் வாசம் வருதுன்னு எந்தப் பிள்ளையாச்சும் சொல்லட்டும், அன்னைக்கு நிறுத்துறேன்" என்றாள். யாரும் சொல்லவில்லை, சோறு அதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது.

இந்த ஆட்டத்தில் எதிராளி எதிரே நிற்பதில்லை. இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, ஒருத்தி அடித்துத் திரும்பி வருவதை இன்னொருத்தி அடிக்க வேண்டும். குழாயடி மாதிரிதான் என்று பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஆனால் குழாயடியில் இல்லாத ஒரு விதி இதில் உண்டு: அடித்தவள் அங்கேயே நிற்கக் கூடாது, மற்றவள் பந்துக்குப் போக வழி விட வேண்டும். வழி விடு என்று டீச்சர் சொன்னதுதான் தாமதம், எஸ்டேட் பாதையில் மேனேஜர் ஜீப் வரும்போது கூடையும் முதுகுமாக மேட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்போமே, அதேபோல ஒவ்வொருத்தியும் பக்கச் சுவரில் முதுகை ஒட்டி, மட்டையை மார்போடு அணைத்து, மூச்சைப் பிடித்து நின்றாள். ஒருத்தி கதவைத் திறந்து வெளியிலேயே போய்விட்டாள்.

"ஏட்டி, ஒதுங்கினா மட்டும் போதாது" என்று டீச்சர் தொண்டை கட்டும்வரை கத்தினார். "ஒதுங்கிட்டு ஒடனே திரும்ப நடுவுக்கு வரணும். நடுவுல நிக்கிறவதான் நாலு மூலைக்கும் போவ முடியும். நடு ஒனக்கும் உள்ளதுதாம்ட்டி."

ஒதுங்குவதில் எல்லாரையும் மிஞ்சியவள் இன்பரசி. ஒன்பதாம் வகுப்பு, எட்டாம் நம்பர் வீட்டுப் பவுனுத்தாயின் மகள். அவள் அடித்தால் பந்து சுவர் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும், எடுக்கவே முடியாது. ஆனால் அடித்த கையோடு சுவரோரம் போய் நின்றுவிடுவாள். டீச்சர் நடுவில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்தார். இன்பரசி வாசல் கோலத்தை மிதிக்காமல் போவதுபோல அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், மற்றப் பிள்ளைகளெல்லாம் போன பிறகும் அவள் ஒருத்தி மட்டும் ஃபேக்டரியில் ஆறு மணிச் சங்கு ஊதும்வரை தனியே அடித்துக்கொண்டிருந்துவிட்டு, பந்தை மறந்துபோய்ப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். காலையில் பவுனுத்தாய் பையைத் தூக்கியபோது நோட்டுகளெல்லாம் மொடமொடவென்று காய்ந்திருந்தன. ஆடி மாதத்தில் எங்கள் எஸ்டேட்டில் காய்ந்த நோட்டை யாரும் பார்த்ததில்லை. உள்ளே கைவிட்டால் பந்து, அப்போதுதான் அடித்து முடித்ததுபோலச் சுடச்சுட. பவுனுத்தாய் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. மூன்று நாளாகப் பொங்காமல் அடம்பிடித்த மாவுப் பாத்திரம் எதிரே இருந்தது, பந்தைத் துணியில் சுற்றிப் பாத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். சாயங்காலம் மூடி தூக்கிக்கொண்டு மாவு வழிந்திருந்தது.

விஷயம் ஒரே நாளில் நாற்பது வீட்டுக்கும் தெரிந்தது. எப்படி என்று கேட்டவர் ஒருவருமில்லை. இன்றைக்கு யாருக்கு என்றுதான் கேட்டார்கள்.

குழாயடியில் தண்ணீர் முறைக்குச் சீட்டு ஒட்டியிருக்குமே, அதன் பக்கத்திலேயே பந்து முறைக்கும் ஒரு சீட்டு ஒட்டினோம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பந்து ஆட்டம் முடிந்து தெரசம்மாவின் மடியில் ஏறி, முறைக்காரர் வீட்டுக்குப் போகும். மறுநாள் நாலு மணிக்குத் திரும்ப வரும். மாவுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், மாவுக்குள் போடக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொன்னார், எல்லாரும் தலையாட்டிவிட்டு உள்ளேயே போட்டோம். அதனால் பந்து புளித்த வாடை அடித்தது. முன்சுவரெங்கும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழுந்தது. யார் வீட்டு மாவில் வெந்தயம் தூக்கல் என்பது ஆடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்துபோனது. மேனேஜர் பங்களாவிலிருந்து, அம்மாவுக்குத் தயிர் உறையவில்லை, பந்தைக் கொடுத்தனுப்பவும் என்று ஜீப் வந்தது. முறைப்படி நாற்பத்தொன்று என்று சொல்லிச் சீட்டில் எழுதினோம். ஜீப்புக்கு ஒதுங்கி நின்றே பழகிய எங்களுக்கு அன்றைக்கு ஜீப் திரும்பிப் போனதைப் பார்த்ததில் இருந்த சந்தோஷம் இட்லியில்கூட இல்லை.

அறிவியல் வாத்தியார் வெப்பமானி வைத்துப் பார்த்து, எண்ணை ஒரு தாளில் எழுதி, தாளை மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். மற்றப் பிள்ளைகளும் அடித்துப் பார்த்தார்கள். அவர்கள் அடித்த பந்து வழக்கம்போல ஆறிப்போனது. இன்பரசி அடித்ததில் மட்டும்தான் சூடு நின்றது, அதுவும் அந்த ஒரே பந்து. நடுவில் அவள் காய்ச்சலில் படுத்தாள். வெள்ளிக்கிழமை கடைசியாக அடித்த பந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்லாகக் குளிர்ந்துவிட்டது. திங்கட்கிழமை அவள் எழுந்து போய் அடித்த பிறகுதான் உயிர் வந்தது. அதிலிருந்து இன்பரசி தும்மினால் நாற்பது வீட்டிலிருந்தும் கஷாயம் வந்தது.

புரட்டாசியில் இருபத்தாறாம் நம்பர் வீட்டுக் குருவம்மாவுக்கு ஏழு மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரைக் கிலோ கூட இல்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு, இனிமேல் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தாயின் நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் புருஷன் லாரியில் போனவன், மாதம் ஒருமுறை வருவான். குருவம்மா குழந்தையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நல்ல மழை. அன்றைக்குப் பந்து முறை முப்பத்துமூன்றாம் நம்பருக்கு. அவர்கள் அதைக் கொண்டுபோய் இருபத்தாறில் கொடுத்தார்கள். மறுநாள் முப்பத்துநாலும் அப்படியே செய்தது. மூன்றாம் நாள் யாரோ சீட்டைக் கிழித்துவிட்டார்கள், யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீடுகளில் இட்லியை வைத்து ஆணி அடிக்கலாம் என்கிற நிலைமை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பந்து துணிக்குள் சுற்றி அந்தப் பிள்ளையின் பாதத்துக்குக் கீழே கிடந்தது. நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை மட்டும் அது இன்பரசியிடம் போக வேண்டும். பந்தில்லாத வீட்டில் தனியே இருக்கக் குருவம்மாவுக்குப் பயம். அதனால் அவளே குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மேலே இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பந்தை எடுத்துக்கொண்டு வருவாள். மாடத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரமும் ஆட்டத்தைப் பார்ப்பாள். சங்கு ஊதியதும் பந்தை வாங்கிக்கொண்டு போவாள். இன்பரசி முன்பெல்லாம் ஆசைக்கு ஆடினாள். இப்போது பயந்துபோய் ஆடினாள், ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை மாடத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு.

அந்தச் சமயத்தில்தான், டீச்சர் எழுதிப் போட்டிருந்ததற்குச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. விளையாட்டு விடுதியில் ஸ்குவாஷுக்கு ஒரே ஒரு இடம். எடுத்துக்கொண்டால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சனிக்கிழமை ஓட்டமும் உடல் தேர்வும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், இன்பரசியை அழைத்து வரவும். எங்கள் எஸ்டேட்டில் பெண்பிள்ளைகள் பத்தாவது முடித்ததும் ஒன்று கூடையைத் தூக்குவார்கள், இல்லை திருப்பூர்க் கம்பெனிக்குப் பஸ் ஏறுவார்கள். மூன்றாவதாக ஒரு வழி காகிதத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. அவ்வளவு கெட்டவர்கள் இல்லை நாங்கள். எப்ப வருவே என்று மட்டும் கேட்டோம். குழாயடியில் கேட்டோம், பாதையில் கேட்டோம், கொழுந்து எடை போடுகிற இடத்தில் பவுனுத்தாயிடம் கேட்டோம், கேட்டுவிட்டுப் பாப்பா இப்போது இத்தனை கிராம் என்று சேர்த்துச் சொன்னோம். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்பரசி கடிதத்தை மடித்து டீச்சரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் போகல டீச்சர்."

"ஏம்ட்டி?"

"வெள்ளிக்கிழமை கெளம்பினா திங்கள் வரைக்கும் பந்து தாங்காது. பாப்பா?"

முந்தின நாள் ராத்திரி, இந்தக் குழந்தை இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பிறந்திருக்கக் கூடாதா என்று தான் நினைத்தது எப்சிபா டீச்சருக்கு ஞாபகம் வந்தது. குழந்தைக்காகவும்தான் அப்படி நினைத்தார், ஆனால் குழந்தைக்காக மட்டும் இல்லை. அது தெரிந்து அவருக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. இரண்டு வருஷம் தெரியாத ஆட்டத்தைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக் கொடுத்து, ஒரே ஒரு பிள்ளையாவது தேறிப் போக வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பதை யாரிடமும் சொல்லியதில்லை. கடிதத்தை வாங்கி மட்டைப் பைக்குள் வைத்தார்.

பவுனுத்தாய் மகளை அடித்தாள், அடித்துவிட்டு அவளே அழுதாள். "பதினெட்டு வருசமா அட்டைக் கடிக்கு உப்பு தேய்ச்சுக்கிட்டுக் கெடக்கேன். நீயும் வந்து எம்பக்கத்துல நில்லு, வா. ரெண்டு பேருமாத் தேய்ச்சுக்கலாம்" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டம் முடிந்து சங்கு ஊதியது. வழக்கமாகக் கீழே வந்து பந்தை வாங்கிக்கொள்ளும் குருவம்மா அன்றைக்கு மாடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. சங்கு ஊதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு மேலிருந்தபடியே கூப்பிட்டாள்.

"ஏய் இன்பரசி, தெனமும் ரெண்டு மணி நேரம் பந்து யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான் அக்கா."

"அந்த நேரத்துல பாப்பா யாருகிட்ட இருக்கா?"

இன்பரசிக்குப் புரியவில்லை. டீச்சருக்குப் புரிந்தது, கையிலிருந்த மட்டையைக் கீழே வைத்தார்.

குருவம்மா கம்பளியை விலக்கிக் காட்டினாள். உர வாசமும் ஈரமுமாக இருந்த அந்த ஜில்லென்ற கட்டடத்தில், பந்தில்லாமல், இரண்டு மணி நேரமாக அவள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, மூக்கு நுனியில் வேர்வை. "ஒரு மாசமா நானே இதப் பாக்கல. ஆஸ்பத்திரியில படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, நெஞ்சுல போட்டுக்கன்னு. பந்து இருக்குற தைரியத்துல நான் பாட்டுக்குப் பிள்ளையக் கீழ போட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்." கம்பளியை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "தெனம் இங்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எம்பிள்ளைக்காக ஒதுங்கின, சரி. ஒதுங்கினா போதாதுன்னு ஒங்க டீச்சர் கத்துறாங்கல்ல? நீ எப்ப நடுவுக்கு வருவ?"

இன்பரசி அழுதாள். அழுதபடியே தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் டீச்சரும் அவளும் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போனார்கள். பந்தை எடுத்துக்கொள் என்று குருவம்மா சொன்னதற்கு அவள் கேட்கவில்லை, இருக்கிற சூடாவது பாப்பாவுக்கு இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை மத்தியானம் அது வெதுவெதுவென்றானது. ஆறு மணிக்குக் கையில் எடுத்தால் வெறும் ரப்பர்.

அதற்குள் குழாயடியில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, அதே நாற்பத்தொரு நம்பர். ஒருத்தி நெஞ்சு எத்தனை நேரம் தாங்கும், அவளும் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும் என்று, ஆளுக்கு அரை மணி நேரமாகச் சனிக்கிழமை ஆறு மணிக்குத் தொடங்கினோம். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று தெரசம்மா வாசலிலேயே காவல் நின்று ஒவ்வொருவர் கையையும் முகர்ந்து பார்த்து உள்ளே விட்டாள். பொம்பளைகள் மட்டுமில்லை, ஆம்பளைகளும் வந்தார்கள். பதினேழாம் நம்பர் முனியாண்டியின் நெஞ்சு மயிர் குத்துகிறது என்று பாப்பா ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள், மனிதன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தான். கைமாறிக் கைமாறி, நெஞ்சுமாறி நெஞ்சுமாறி, சுக்குக் காப்பி வாசத்திலும் வெற்றிலை வாசத்திலும் மண்ணெண்ணெய் வாசத்திலும் அந்தப் பிள்ளை இருபது மணி நேரத்தைக் கடந்தாள். எஸ்டேட் நர்ஸ் மூன்று தடவை வந்து சூடு பார்த்துவிட்டுப் போனாள். குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நாற்பத்தொன்றாம் முறை. ஜீப் லைனுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேனேஜர் வீட்டம்மா குடையை மடக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்து, தெரசம்மாவிடம் கையை நீட்டி முகரக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். குருவம்மா வீட்டில் ஒரே ஒரு அறை, முன்னால் ஒரு நீளத் தாழ்வாரம், மழைக்கு ஒண்டிக்கொண்டு நாங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றோம்.

குருவம்மா பந்தை இடுப்பு மடிப்பில் செருகியிருந்தாள். திடீரென்று அங்கே கை வைத்தாள்.

"சுடுது."

பவுனுத்தாய் பிடுங்கிப் பார்த்தாள். சுட்டது. கைமாறிக் கைமாறிப் பந்து தாழ்வாரம் முழுக்கப் போய் வந்தது, எல்லாருக்கும் சுட்டது. முந்நூறு மைலுக்கு அப்பால் வேறொரு பந்தை வேறொரு சுவரில் இன்பரசி அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று யாரும் யாருக்கும் விளக்கவில்லை. மேலேயிருந்து கீழே ஒரு மணி தூரத்துக்குப் போனில் சிக்னல் கிடையாது. எங்களிடம் இருந்த ஒரே தந்தி அந்தப் பந்துதான். தரையில் ஒரு தட்டைப் போட்டு, அதில் பந்தை வைத்து, சுற்றி உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரம் நன்றாகச் சுட்டது. பிறகு மெல்ல இறங்கியது. இன்னும் இறங்கியது. பவுனுத்தாய் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தபடியே இருந்தாள், அவள் முகத்தைப் பார்த்தே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. எங்கள் பிள்ளை அங்கே போயும் ஒதுங்கிவிட்டாள். பட்டணத்துப் பிள்ளை ஒருத்தி நடுவில் நின்று நாலு மூலைக்கும் அவளை விரட்டிக்கொண்டிருக்கிறாள். இவள் சுவரில் முதுகை ஒட்டி, மட்டையை மார்போடு அணைத்து நிற்கிறாள். எங்களிடமிருந்து கற்றுக்கொண்டதுதானே, வேறு எப்படி நிற்பாள்? பந்து குளிர்ந்துபோனது.

உள்ளே பாப்பா தூக்கத்தில் சின்னதாக ஒரு சத்தம் போட்டாள்.

"ஆ" என்று பவுனுத்தாய் விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். விரல் நுனி சிவந்திருந்தது.

குருவம்மா எட்டி ஒரு தொடு தொட்டுப் பார்த்தாள். தொட்டுவிட்டுச் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நடுவுக்கு வந்துட்டா" என்றாள்.

பவுனுத்தாய் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். அதே முந்தானையால் பந்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று எங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? சீக்கிரம் சொல்லுங்க, யாரு வீட்டுல மாவு ஆட்டி வெச்சிருக்கு?"